கால்கட்டு

அதற்காக அந்தச் சைக்கிளை நீ எடுத்துக்கொண்டு போகக் கூடாது என்று நான் சொல்லவில்லை, கண்ணு. போனில் நீ சத்தம் போட்டபோது நான் பேசாமல் இருந்தேனே, அதைக் கோபம் என்று எடுத்துக்கொண்டாய். கோபமெல்லாம் இல்லை. ஊருக்கே வாயாடி என்று பேர் எடுத்தவள் நான். போனைக் காதில் வைத்தால் மட்டும் எனக்கு வாய் அடைத்துவிடும். நீயும் ஒரு காதை மீட்டிங்கில் வைத்துக்கொண்டு மறு காதை என்னிடம் கொடுக்கிறாய். அதனால் சாமி விளக்கை ஏற்றிவிட்டு, எட்டாவது வரைக்கும் படித்த கையெழுத்தில் இதை எழுத உட்கார்ந்தேன். ஞாயிற்றுக்கிழமை நண்பனுடைய வண்டியில் வந்து உன் கியர் சைக்கிளையும் அப்பாவின் பழைய சைக்கிளையும் சேர்த்து ஏற்றிக்கொண்டு சென்னைக்குப் போவதாகச் சொன்னாய். சரி, வா. அப்பாவிடமும் சொல்லிவிட்டேன். "எடுத்துட்டுப் போவட்டும்" என்று சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். திரும்பிப் படுத்துக்கொண்டார் என்று எழுதிவிட்டேன், பார். அவரால் எங்கே திரும்ப முடிகிறது? "திருப்பி வுடுடி" என்றார். நான்தான் திருப்பிவிட்டேன்.

தையில் உனக்குக் கல்யாணம். சிதம்பரத்துப் பெண், சிரித்த முகம், சாமி கும்பிடும்போது கண்ணை மூடிக் கும்பிடுகிறாள். எனக்கு அது போதும். திருவந்திபுரம் மலையில் தாலி கட்டப்போகிறாய். "பையனுக்குக் கால்கட்டு போட்டுட்டோம்" என்று தெருவில் எல்லோரிடமும் சொல்லித் திரிந்தேன். அந்த வார்த்தையைச் சொல்லும்போதெல்லாம் உன் அப்பா ஞாபகம் வந்துவிடும். உன்னைப் பெற்ற என் அக்கா, நீ தவழ்கிற வயதிலேயே போய்ச் சேர்ந்தாள். அதற்குப் பிறகு அவருக்கு வீட்டில் கால் தங்கவில்லை. சர்க்கரை ஆலைக்காக ஊர் ஊராகப் போய், யார் கொல்லையில் எவ்வளவு கரும்பு என்று பதிகிற வேலை. சைக்கிளை எடுத்தால் இருட்டித்தான் வருவார். "இன்னொரு கால்கட்டு போட்டாத்தான் இந்த ஆளு நிப்பான்" என்று பெரியவர்கள் பேசி என்னைக் கொண்டுவந்து விட்டார்கள். அக்கா புருஷனாக இருந்தபோதும் அவர் எனக்கு மாமா, என் புருஷன் ஆன பிறகும் மாமா. கூப்பிடுகிற பேரை மாற்றுகிற கஷ்டம்கூட எனக்கு இருக்கவில்லை. நீ என்னைச் சித்தி என்றே கூப்பிட்டாய். பெற்றவளின் தங்கையும் சித்திதான், அப்பாவின் இரண்டாம் தாரமும் சித்திதான். நீ எதை மனதில் வைத்துக் கூப்பிடுகிறாய் என்று நான் கேட்டதில்லை. இனிமேலும் கேட்க மாட்டேன்.

அந்தப் புதிதில் என்னைக் கேரியரில் உட்கார வைத்து உள்பாதை வழியாகத் திருவந்திபுரம் அழைத்துப் போவார். மேடு வந்தால் "எறங்குறியா?" என்று கேட்பார். நான் வாயைத் திறப்பதற்குள் எழுந்து நின்று மிதிக்க ஆரம்பித்துவிடுவார். ஒரு மேட்டிலும் நான் இறங்கினதில்லை. ராணி மாதிரி உட்கார்ந்து வந்தேன். இப்போது யோசித்தால், இறங்கிப் பக்கத்தில் நடந்திருக்கலாம் என்று இருக்கிறது. கேரியரில் உட்கார்ந்தவளுக்குப் புருஷனுடைய முதுகுதான் தெரியும். உன் பெண்டாட்டி மேட்டில் இறங்கி நடக்கிறேன் என்றால் விடு. நீயும் இறங்கி அவளோடு நட. ஏறிப் போகிற கெட்டிக்காரத்தனத்தை அவளிடம் காட்டி என்ன ஆகப்போகிறது? முகத்தைப் பார்க்கிற காலத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். இப்போது உன் அப்பாவின் முகத்தை நாள் முழுக்கப் பார்க்கிறேன். அதில் ஒன்றும் அசைவதில்லை. அவர் சிரிக்கிறாரா, அழுகிறாரா என்பதையே நான் கண்ணை வைத்துக் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது.

அவருக்குக் கால் ஒட்டிக்கொள்ள ஆரம்பித்தது நீ சென்னைக்கு வேலைக்குப் போன பிறகு. அறை வாசப்படிக்கு வந்து நிற்பார். நிற்பார் என்றால் நின்றுகொண்டே இருப்பார். "இன்னா மாமா, வாசப்படிக்குக் காவலா?" என்று கேட்டால், "காலு வர மாட்டங்குதுடி. பசை போட்டு ஒட்டுன மாதிரி இருக்குது" என்பார். சிதம்பரத்து நரம்பு டாக்டர் நோயின் பேரைச் சொன்னார்; என் வாயில் அது நுழையவில்லை. மாத்திரை கொஞ்ச காலம் தாங்கும், ஆனால் வந்தது திரும்பிப் போகாது என்று பொறுமையாகத்தான் சொன்னார். அங்கிருந்து நேராக நடராஜர் சந்நிதிக்குத்தான் போனோம். தூக்கின திருவடியையே பார்த்துக்கொண்டு நின்றேன். "ஐயா, நீ தூக்குன கால கீழ வெக்காம நிக்கிற. இவருக்குக் கீழ வெச்ச கால தூக்க வரல. ஒங்கிட்ட இருக்கறதுல துளி குடுத்தா கொறஞ்சா போயிடுவ?" என்று வேண்டினேன். சத்தமாகவே வேண்டிவிட்டேன் போலிருக்கிறது. உன் அப்பா என் காதருகே, "அவருக்கு மட்டும் இன்னாடி வாழுது? ஒரு காலு ஒட்டிக்கிச்சு. அதான் இன்னொன்ன ஒதறிக்கினு நிக்கிறாரு" என்றார். அபச்சாரம் என்று நான் கன்னத்தில் போட்டுக்கொண்டேன். பக்கத்தில் நின்ற அம்மாள் சிரித்துவிட்டாள். சாமி கோபித்துக்கொண்டதோ என்னவோ, அதற்குப் பிறகு எத்தனையோ சந்நிதி ஏறி இறங்கிவிட்டேன், ஒரு கதவும் திறக்கவில்லை.

சைக்கிள் விஷயம் எப்படி ஆரம்பித்தது என்பது உனக்குப் பாதிதான் தெரியும். ஒரு நாள் காலையில் வாசல் கேட்டருகே கால் ஒட்டி நின்றார். பக்கத்தில் சாத்தியிருந்த சைக்கிளை ஊன்றுகோல் மாதிரி பிடித்துக்கொண்டார். சைக்கிள் நகர்ந்தது, கூடவே காலும் நகர்ந்தது. அப்புறம் எப்படி ஏறினார் என்று எனக்குத் தெரியாது. நான் துளசிக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டுத் திரும்பினால், தெருக்கோடியில் அவர் முதுகு தெரிகிறது. கையில் சொம்போடு அப்படியே நின்றுவிட்டேன். எதிர்வீட்டுக் கன்னியம்மா இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, "வாசப்படி தாண்டாத மனுசன் தெருவத் தாண்டிப் போறாரு. இன்னாக்கா, இத்தினி நாளும் நாடகமா?" என்றாள். கொஞ்ச நேரத்தில் வந்தார். வந்தவர் நிற்கவில்லை, வீட்டைத் தாண்டிப் போனார். பிள்ளையார் கோயிலைச் சுற்றிக்கொண்டு மறுபடி வந்தார், மறுபடி தாண்டினார். "நில்லுங்க மாமா!" என்று கத்தினேன். "நிக்க முடிஞ்சா நிக்க மாட்டனா? காலு கீழ எறங்க மாட்டங்குது. புடிங்கடி யாராச்சும்!" கடைசியில் கன்னியம்மா ஒரு பக்கம், நான் ஒரு பக்கம், தேருக்கு முட்டுக்கட்டை போடுகிற மாதிரி பாய்ந்து பிடித்தோம். மூன்று பேரும் அங்கேயே சாய்ந்து நின்று சிரித்தோம். அவர் முகம் அன்றைக்கு அசைந்தது. நான் பார்த்தேன்.

டாக்டரிடம் சொன்னபோது அவர் ஆச்சரியப்படவில்லை. சிலருக்கு அப்படி இருக்குமாம். நடக்கிறதற்கு மூளையில் ஒரு வழி, மிதிக்கிறதற்கு வேறு வழியாம். ஆக, ஏற ஆள் வேண்டும், இறங்க ஆள் வேண்டும், நடுவில் ஒருவரும் வேண்டாம். போன பொங்கலுக்கு நீ அந்த மெல்லிசு கியர் சைக்கிளோடு வந்தாய். தொடையைக் கவ்விப் பிடிக்கிற டவுசரைப் பார்த்துக் கன்னியம்மா, "இன்னா தம்பி, சர்க்கஸ்ல சேந்துட்டியா?" என்று கேட்டாளே, ஞாபகம் இருக்கிறதா? அப்பாவும் மகனுமாகக் கிளம்பினீர்கள். நம் ஊர்ப் பாதை உனக்குத் தெரியாததில்லை. இந்தப் பக்கம் செம்மண் மேடு, முந்திரித் தோப்பு, அந்தப் பக்கம் உன் சென்னைக்காரர்கள் வேர்க்கடலை என்கிற மல்லாட்டைக் கொல்லை, பள்ளத்தில் கரும்பு. பெரிய மேடெல்லாம் கிடையாது, படுத்திருக்கிற மாட்டின் முதுகு மாதிரி ஏறி இறங்கும். பஸ் கிடையாது, எப்போதாவது ஒரு டிராக்டர். திரும்பி வந்தபோது உனக்குத்தான் இரைத்தது. "மேட்டுல பேச்சுக் குடுக்காதன்னு சொன்னேன், கேட்டானா? மேட்டுல பேசுனா மூச்ச அது தின்னுடும்" என்று அவர் சொல்லிக்கொண்டே வந்தார். நீ என்னைத் தொட்டியோரம் அழைத்துப் போய், "சைக்கிள்ல இருக்கறப்ப அப்பாவுக்கு நோயே இல்ல சித்தி" என்றாய். முகம் கழுவுகிற சாக்கில் அழுதாய். அன்றைக்குச் சாயங்காலம் முழுக்க அவருடைய சைக்கிளைக் கவிழ்த்துப் போட்டு, எண்ணெய் விட்டு, செயின் கவரைக் கழற்றி எறிந்தாய். "எதுக்கு சித்தி இது, சும்மா கடகடன்னு. என் சைக்கிள்ல கவரே கெடையாது பாரு. வெயிட்டு கொறஞ்சா அப்பாவுக்கு மேடு லேசா இருக்கும்" என்றாய். அந்தக் கவர் இன்னும் தொட்டியோரம்தான் கிடக்கிறது. கோழி ஏறி நிற்கிறது.

உன் சைக்கிளை இங்கேயே விட்டுவிட்டு நீ போன பிறகும் அவர் விடவில்லை. காலையில் வெயில் ஏறுவதற்கு முன் நான் பிடித்து ஏற்றிவிடுவேன். நாலு ரோட்டு டீக்கடைக்காரர் அங்கே பிடித்து இறக்கி, டீ கொடுத்து, மறுபடி ஏற்றிவிடுவார். திரும்பி வரும்போது மதகுக்கு முந்தின இறக்கத்திலிருந்தே மணியை அடித்துக்கொண்டு வருவார். அந்தச் சத்தம் கேட்டதும் நான் அடுப்பில் என்ன இருந்தாலும் விட்டுவிட்டு வாசலுக்கு ஓடுவேன். கோயில் மணிக்குக்கூட நான் அப்படி ஓடினதில்லை. உன் கல்யாணம் முடிவானதும் அவருக்கு ஒரே நினைப்புதான். "எம் புள்ள கல்யாணத்துக்கு வண்டி நாற்காலியில ஒக்காந்துகினு போவ மாட்டேன். உள்பாதையா சைக்கிள்ல போவேன். மலையடியில அவன் நின்னு என்னப் புடிக்கட்டும்." உன்னிடம் சொல்லக் கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கிக்கொண்டார். அதற்காகவே தினம் கொஞ்சம் கொஞ்சமாகத் தூரத்தைக் கூட்டிக்கொண்டிருந்தார். இனிமேல் சொன்னால் என்ன, சொல்லாவிட்டால் என்ன.

எனக்கு மனது கேட்கவில்லை. மிதிக்கிற காலுக்கு நடக்க மட்டும் ஏன் வரவில்லை? டாக்டர் சொன்ன இரண்டு வழிக் கதை எனக்குப் பிடிபடவில்லை. பண்ருட்டிப் பக்கம் கயிறு மந்திரித்துக் கொடுக்கிற பெரியவர் ஒருவரிடம் போனேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு, "யாரோ கால கட்டியிருக்காங்கம்மா. கட்டுக்குக் கட்டுதான் மருந்து" என்றார். அவர் சொன்னது எனக்குப் புரிந்தது. கறுப்புக் கயிற்றில் முடிச்சு முடிச்சாகப் போட்டுக் கொடுத்தார். "ஆம்பளைக்கு வலது காலு. தொங்கற நுனிய வெட்டிடாத, இரும்பு படவே கூடாது. பீடை போற அன்னிக்குத் தானா அறுந்துடும்." உன் அப்பா காலை நீட்டிக்கொண்டு, "ஒங்கக்கா ஒரு கால்கட்டு, நீ ஒரு கால்கட்டு, இது மூணாவதாடி?" என்று கேட்டார். வீடியோவில் நீயும் பார்த்துவிட்டு, "இன்னா சித்தி அது, ஆட்டுக்குட்டிக்குக் கட்டுன மாதிரி? நுனியாவது வெட்டி வுடு" என்றாய். நான் போனை வானத்துப் பக்கம் திருப்பிவிட்டேன். வெட்டவில்லை. எப்படி வெட்டுவேன்?

அன்றைக்கு மழை விட்டிருந்தது, பாதை காய்ந்துதான் கிடந்தது. மணிச் சத்தம் கேட்டது. சோற்றை வடித்துக்கொண்டிருந்தவள் அப்படியே வைத்துவிட்டு ஓடினேன். வாசலுக்கு வருவதற்குள் சத்தம் நின்றுபோனது. அந்த மணி வீட்டுக்கு வராமல் நின்றதே இல்லை, கண்ணு. கன்னியம்மாவைக் கூப்பிட்டுக்கொண்டே ஓடினேன். இறக்கத்தில், கரும்பு ஓரமாகக் குப்புறக் கிடந்தார். புரட்டினதும் முதலில் சொன்னது இதுதான்: "காலு நல்லாத்தான்டி மிதிச்சுக்கினு போச்சு. யாரோ கீழ இருந்து புடிச்சு இழுத்த மாதிரி இருந்துச்சு." உன்னிடம் மறைப்பானேன், அக்காவோ என்றுகூட ஒரு நிமிஷம் நினைத்தேன். என் கூடப்பிறந்தவளைப் போய் அப்படி நினைத்த பாவத்துக்கு விளக்குப் போட்டுவிட்டேன். வீட்டுக்குக் கொண்டுவந்து காலைக் கழுவும்போது பார்த்தால், கயிறு இல்லை. தானாக அறுந்திருந்தது! தோள்பட்டை எலும்பு முறிந்து அவர் முனகிக்கொண்டிருக்கிறார், நான் உள்ளுக்குள் சந்தோஷப்பட்டேன். இழுத்தது பீடை, போகிற போக்கில் ஒரு இழுப்பு இழுத்துவிட்டுப் போய்விட்டது, இனி நடந்துவிடுவார் என்று. கன்னியம்மாகூட, "அறுந்துடுச்சா? அப்ப கழிஞ்சிதுக்கா" என்றாள்.

எங்கே கழிந்தது? கையைத் தூளியில் கட்டிப்போட்டுவிட்டார்கள். இனி விழுந்தால் இடுப்பு போய்விடும், சைக்கிளை மறந்துவிடுங்கள் என்று டாக்டர் சொன்னார். எலும்பு கூடுகிறவரைக்கும் மட்டும்தானே என்று கேட்டேன். அதற்குள் காலுக்கு அந்த வழியும் அடைபட்டுப்போகலாம் என்றார். நீயும், "வியாதி முத்திடுச்சு சித்தி, அதான் காலு சிக்கி வுழுந்துட்டாரு. அந்த சைக்கிள் அங்க இருக்கற வரைக்கும் அவரு அடங்க மாட்டாரு" என்கிறாய். நீ படித்தவன், சொல்வது சரியாகத்தான் இருக்கும். நான் வேண்டாத சாமி இல்லை. இப்போது விளக்கை ஏற்றினால் என்ன கேட்பது என்றே தெரியவில்லை; எரிகிறதைப் பார்த்துவிட்டு எழுந்துவிடுகிறேன். வாசலில் யார் வீட்டுச் சைக்கிள் மணி கேட்டாலும் உன் அப்பாவின் வலது பாதம் மட்டும் போர்வைக்குள் கொஞ்சம் அசையும். பண்ருட்டிப் பெரியவரிடம் மறுபடி போய் இன்னும் தடியாக ஒரு கயிறு வாங்கிவந்து அந்தக் காலில் கட்டியிருக்கிறேன். நம்பிக்கையினால் இல்லை, வேறு என்ன செய்வது என்று தெரியாததனால். நுனியை வெட்டவில்லை. நீ வரும்போது அதைப் பற்றிப் பேச்செடுக்காதே.

ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரே ஒரு வேண்டுதல். அவர் தூங்கும்போது திருட்டுத்தனமாக எடுத்துக்கொண்டு போகாதே. நல்லது செய்கிறோம் என்று பிள்ளைகள் அப்படித்தான் செய்வீர்கள். அவரை வாசல் பக்கம் திருப்பி உட்கார வைக்கிறேன். அவர் எதிரிலேயே எடு, சொல்லிவிட்டு எடு. முகம் அசையாததைப் பார்த்து, அப்பா ஒன்றும் நினைக்கவில்லை என்று முடிவு செய்துவிடாதே; கண்ணைப் பார். கல்யாணத்துக்கு வண்டி நாற்காலியில் அழைத்து வருகிறேன், சத்தியமாக. புது வேட்டி எடுத்து வைத்துவிட்டேன். மலையடியில் நின்று நீயே வந்து கைப்பிடியைப் பிடித்துக்கொள். வேறு யாரையும் விடாதே. அது அவர் கேட்டதில் பாதியாவது ஆகும். உன் பெண்டாட்டியிடம் மாமனாரைப் பற்றி இப்போதே எல்லாவற்றையும் சொல்லிவிடு. பாவம், சிரித்த முகம், பார்த்துப் பயந்துவிடப் போகிறாள்.

எடுக்கும்போது உன் சைக்கிளை உருட்டிக்கொண்டு போ, அப்பாவுடையதை இரண்டு பேராகத் தூக்குங்கள். அது உருளாது. விழுந்த அன்றைக்குக் கன்னியம்மாவும் அதைத் தூக்கிக்கொண்டுதான் வந்தாள்; இப்போதுதான் ஞாபகம் வருகிறது. "செயின் சிக்கிக்கினு நிக்குதுக்கா" என்றாள். நான் அப்பாவைப் பார்க்கிற பதற்றத்தில் சரியாகக் கவனிக்கவில்லை. பல்சக்கரத்தில் கறுப்பாக ஏதோ சுற்றிக் கிடந்தது, எண்ணெய்ப் பிசுக்கு என்று நினைத்து முந்தானையால் துடைக்கப் போனேன், வரவில்லை, விட்டுவிட்டேன். பிசுக்கு இல்லை, கண்ணு. அதில் முடிச்சு இருந்தது.